பில்லியர்டு மேசை கூறும் வரலாறு



நாஞ்சில் நாட்டில் நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளி ஒன்றின் முற்றத்தில் ஒரு புங்கமரம் நிற்கிறது. அதன் நிழலில், செங்கல் திண்டுகளின்மேல், சாம்பல் நிறமுள்ள ஐந்து கற்பலகைகள் இருக்கைகளாகப் போடப்பட்டிருக்கின்றன. நண்பகலில் பிள்ளைகள் அவற்றின்மேல் அமர்ந்து சோறுண்பார்கள். கோடையிலும் குளிர்ச்சி குன்றாத கற்கள் அவை. ஒவ்வொன்றும் ஆறடிக்குச் சற்று மிகுந்த நீளமும், இரண்டு அங்குலக் கனமும் உடையது. அவற்றுள் இரண்டின் மூலைகள் வளைவாக வெட்டப்பட்டிருக்கும். மற்றொன்றின் இரு முனைகளிலும் பாதி நிலா வடிவில் ஒரு வெட்டு இருக்கும்.

ஒரு நாள் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்து, "சார், இந்தக் கல்லை யார் கடித்தது?" என்று கேட்டான். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆயினும் அந்தக் கேள்வி என் நெஞ்சில் தைத்தது. ஏனெனில் அந்தக் கல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அழித்தவன் நானே.

அந்த ஐந்து கற்களும் ஒரு பழைய பில்லியர்டு மேசையின் தளக்கற்கள். 1994ஆம் ஆண்டில், எங்கள் ஊரை அடுத்திருந்த பழைய பங்களா ஒன்றை இடித்தபோது, அதன் உரிமையாளர் அந்த மேசையைப் பள்ளிக்கு நன்கொடையாக அனுப்பினார். எட்டுக் கால்களும், ஆறு வலைப்பைகளும், பச்சைத் துணி விரிப்புமாக அது லாரியில் வந்து இறங்கியது. அந்நாளில் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் அமர்ந்திருந்தார்கள். விளையாட்டு மேசை நமக்கு எதற்கு என்று கருதிய நான், ஆசாரியை வரவழைத்து அதனைப் பிரிக்கச் சொன்னேன். சட்டங்கள் பெஞ்சுகளாயின. கடைந்து செய்த கால்கள் மேடையில் பூந்தொட்டி வைக்கப் பயன்பட்டன. பச்சைத் துணி ஆண்டு விழாவில் தலைவரின் மேசைக்கு விரிப்பாயிற்று. கற்கள் புங்கமரத்தடிக்குச் சென்றன.

பிரித்துக்கொண்டிருந்தபோது, விளிம்புச் சட்டத்தில் பதித்திருந்த வட்டமான சிறு தகடொன்றைக் கழற்றி ஆசாரி என் கையில் கொடுத்தார். அது மேசையைச் செய்த நிறுவனத்தின் பெயர்த்தகடு. அதனை ஒரு முறை பார்த்துவிட்டு என் மேசையின் இழுப்பறையில் போட்டேன். பின்னர் மாற்றலாகிச் சென்றபோது அது அங்கேயே கிடந்தது. மீண்டும் வந்து தேடியபோது காணவில்லை. அதில் என்ன பெயர் இருந்தது? 'லண்டன்' என்ற ஒரு சொல் மட்டுமே என் நினைவில் எஞ்சியுள்ளது. வரலாறு கற்பித்த ஆசிரியன் ஒருவன், தன் உள்ளங்கையில் வந்து அமர்ந்த வரலாற்றைப் படிக்காமல் விட்ட கதை இது. இழந்ததை அறிந்துகொள்ள வேண்டும் என்ற வேட்கையினால் நான் தேடிக் கற்றவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் இந்த மேசை எவ்வாறு பிறந்தது என்பதைக் காண்போம். பில்லியர்டு ஆட்டத்தின் முன்னோடி, ஐரோப்பாவில் புல்தரையில் கோல்கொண்டு பந்துகளைத் தள்ளி ஆடிய ஓர் ஆட்டமாகும். பதினைந்தாம் நூற்றாண்டளவில் அது வீட்டினுள் புகுந்து மேசைமேல் ஏறியது. மேசையின்மேல் பச்சைத் துணி விரிக்கும் வழக்கம் அந்தப் புல்தரையின் நினைவே என்று கூறுவர். தொடக்கத்தில் மேசையின் தளம் மரப்பலகையால் ஆனது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் வளையும். பந்து நேராக ஓடாமல் தன் விருப்பம்போல் விலகிச் செல்லும். சுற்று விளிம்பிலோ துணியும் கம்பளமும் அடைத்த திண்டு இருக்கும். அதில் மோதிய பந்து சோர்ந்து திரும்பும்.

இந்த நிலையை மாற்றியவர் லண்டனைச் சேர்ந்த ஜான் தர்ஸ்டன் என்பவர். 1799இல் மரச்சாமான் செய்பவராகத் தொழில் தொடங்கிய அவர், பின்னர் பில்லியர்டு மேசைகளிலேயே கருத்தைச் செலுத்தினார். 1826இல் மரத்தளத்திற்கு மாற்றாகச் சிலேட்டுக் கல்லை அமைத்தார். என் தலைமுறையினர் எழுதப் பழகிய சிலேட்டும் அதே இனக் கல்தான். வேல்ஸ் நாட்டு மலைகளில் கிடைக்கும் அக்கல், அடுக்கடுக்காகப் பிளந்து தட்டையான பலகைகளாக வரும். இழைத்தால் கண்ணாடிபோல் வழவழப்பாகும். மழைக்கும் வெயிலுக்கும் வளையாது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆன இந்நாளிலும், சிறந்த மேசைகளுக்குச் சிலேட்டே தளமாக இருந்து வருகிறது.

அடுத்து, 1835இல் தர்ஸ்டன் நிறுவனம் விளிம்புத் திண்டுகளுக்கு ரப்பரைப் பயன்படுத்தியது. ரப்பர் விளையும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளாகிய நீங்கள் இதனை எளிதில் உணர்வீர்கள். கீரிப்பாறையிலும் குலசேகரத்திலும் மரத்தைச் சீவி எடுக்கும் பாலைப் பதப்படுத்தாமல் வைத்தால் என்னவாகும்? வெப்பத்தில் இளகும், குளிரில் இறுகும். ஆங்கில நாட்டுக் குளிரில் அத்திண்டுகள் கல்லாக இறுகிவிட்டன. ஆட்டத்திற்கு முன்னர் வெந்நீர்க் கலங்களை விளிம்பில் வைத்துச் சூடேற்றியே ஆடவேண்டியிருந்தது. 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது இளகாமலும் இறுகாமலும் நிலைத்து நிற்கும் என்று கண்டறிந்தார். அதன் பின்னரே, 1840களின் நடுவில், இன்றுள்ளது போன்ற துள்ளும் விளிம்பு மேசைக்குக் கிடைத்தது. அந்நாளில் நம் மலைகளில் ரப்பர் மரம் இல்லை. ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து விதைகளை லண்டனுக்குக் கொண்டுசென்றது 1876இல். அந்த நாற்றுகளின் வழிவந்த மரங்களே பிற்காலத்தில் நம் பகுதிக்கு வந்தன.

கல் வேல்ஸிலிருந்து, ரப்பர் அமெரிக்கக் காடுகளிலிருந்து, மகோகனி மரம் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து. பந்து மட்டும் எங்கிருந்து? யானையிடமிருந்து. பந்துகளைத் தந்தத்தில் கடைந்தார்கள். ஒரு தந்தத்திலிருந்து சில பந்துகளே தேறும். எண்ணற்ற யானைகள் ஆப்பிரிக்காவில் இதன்பொருட்டு மாண்டன. தந்தத்தின் மதிப்பை நம் முன்னோர் நன்கறிவார்கள். திருவிதாங்கூர் மன்னர் விக்டோரியா அரசிக்கு அனுப்பிய தந்த அரியணை, 1851இல் லண்டன் மாநகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அனைவரையும் கவர்ந்தது. நாஞ்சில் நாடு அன்று அந்த அரசின் பகுதியாக இருந்தது. அதே காலத்தில், அதே தந்தம், வேறொரு மண்டபத்தில் கோலால் அடிபட்டு உருண்டுகொண்டிருந்தது. யானைகள் அருகவே, 1863இல் அமெரிக்க மேசை நிறுவனம் ஒன்று, தந்தத்திற்கு மாற்றுப்பொருள் காண்பவருக்குப் பதினாயிரம் டாலர் பரிசு என்று அறிவித்தது. அதனால் தூண்டப்பெற்ற ஜான் வெஸ்லி ஹயட் 1869இல் செல்லுலாய்டு என்னும் பொருளை உருவாக்கினார். பிளாஸ்டிக் தொழிலின் தொடக்கங்களுள் ஒன்று பில்லியர்டு பந்தைத் தேடியதில் பிறந்தது என்பது வியப்பன்றோ!

இனி, மேசை செய்த பிற நிறுவனங்களையும் அறிந்துகொள்வோம். லண்டனில் 1836இல் தோன்றியது பரோஸ் அண்டு வாட்ஸ். சோஹோ சதுக்கத்தில் அமைந்திருந்த அந்நிறுவனம் தர்ஸ்டனுக்குப் பெரும்போட்டியாக விளங்கியது. 'ஸ்டீல் வாக்குவம்' என்று பெயரிட்ட அதன் விளிம்புகள் புகழ்பெற்றவை. மான்செஸ்டரில் ஆர்ம் அண்டு சன்ஸ், லண்டனில் காக்ஸ் அண்டு யீமன் ஆகியவையும் பெயர்பெற்றவை. லங்காஷயரின் ஆக்ரிங்டன் நகரில் வளர்ந்த ரைலி நிறுவனம், சாதாரணக் குடும்பத்தினரும் வாங்கத்தக்க சிறிய மேசைகளைச் செய்து தவணை முறையில் விற்றது. செல்வர் மாளிகையின் பொருளை எளியவர் கூடத்திற்குக் கொண்டுவந்த பெருமை அதனைச் சாரும். அமெரிக்காவில், சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய ஜான் மோசஸ் பிரன்ஸ்விக் 1845இல் சின்சினாட்டி நகரில் பட்டறை தொடங்கினார். 1884இல் அவர் வழிவந்த நிறுவனம் போட்டியாளர்களோடு இணைந்து பிரன்ஸ்விக்-பால்க்-காலண்டர் என்னும் பெருநிறுவனமாயிற்று. இந்தியாவிலும் இத்தொழில் நடந்தது. கல்கத்தாவின் லாசரஸ் நிறுவனம் மரச்சாமான்களோடு பில்லியர்டு மேசைகளும் செய்து தந்தது. பிரிட்டிஷ் அதிகாரி எங்குச் சென்றாலும் அவருடைய மன்றமும் சென்றது. மன்றம் சென்ற இடமெல்லாம் மேசையும் சென்றது.

இவ்வாறு நம் நாட்டிற்கு வந்த மேசையின்மேல் புதிய ஆட்டம் ஒன்றே பிறந்தது. 1875இல் ஜபல்பூரில் மழைக்காலப் பொழுதைப் போக்க, நெவில் சேம்பர்லின் என்னும் இளம் படையதிகாரி, பதினைந்து சிவப்புப் பந்துகளைக் கொண்ட ஓர் ஆட்டத்தோடு வண்ணப் பந்துகளையும் சேர்த்துப் புதிய ஆட்டம் ஒன்றை அமைத்தார். குறிதவறிய தோழர் ஒருவரை அவர் 'ஸ்னூக்கர்' என்று கேலி செய்தார். படைப்பயிற்சிக் கல்லூரியில் முதலாண்டு மாணவரைக் குறிக்கும் கேலிச்சொல் அது. சொல் ஆட்டத்தின் பெயராக நிலைத்தது. பின்னர் அவர் சென்னை மாகாணப் படைத்தலைவர் ராபர்ட்ஸின் உதவியாளராகக் கோடைதோறும் உதகமண்டலம் வந்தார். அங்குள்ள ஊட்டி மன்றத்தில், 1882ஐ ஒட்டி, ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் எழுதப்பெற்றுச் சுவரில் தொங்கவிடப்பட்டன. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கண்டு களிக்கும் ஓர் ஆட்டத்திற்கு நம் நீலகிரியே நெறி வகுத்த இடம்!

இங்கு ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. அந்த மன்றங்களின் கதவு நெடுங்காலம் இந்தியருக்குத் திறக்கவில்லை. 1832இல் தோன்றிய சென்னை மன்றம் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. இந்தியரும் ஐரோப்பியரும் கூடிப் பழகுவதற்கென்று சென்னையில் காஸ்மாபாலிட்டன் மன்றம் தோன்றியது 1873இல். ஆனால் எந்த மன்றத்திலும், ஆட்ட அறையினுள் நாள்முழுதும் நின்ற இந்தியர் ஒருவர் இருந்தார். அவருக்கு 'மார்க்கர்' என்று பெயர். புள்ளிகளைக் குறிப்பது, பந்துகளை எடுத்து வைப்பது, துணியைத் துலக்கி இஸ்திரி போடுவது, கோலின் முனைத்தோலை ஒட்டுவது, துரைமாருக்கு ஆட்டம் பழக்குவது எல்லாம் அவர் பணி. மேசையின் தன்மையை அறிந்தவர் அவரைப்போல் வேறொருவர் இல்லை. 1958இல் கல்கத்தாவில் நடந்த உலகப் பில்லியர்டு போட்டியில் வில்சன் ஜோன்ஸ் வாகைசூடினார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் உலகச் சாம்பியன் அவர். கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மேசைக்குத் தலைவராயினர்.

மேசையைப் படிக்கும் கலையை எனக்குக் கற்பித்தவரும் ஒரு மார்க்கரே. பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகளுக்கு முன், மலையூர் ஒன்றில் ஒரு பழைய மன்றத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆட்ட அறையில் முதிய மார்க்கர் ஒருவர் துணியைத் துலக்கிக்கொண்டிருந்தார். நான் நேரே சென்று பெயர்த்தகட்டைக் குனிந்து படித்தேன். அவர் புன்னகை செய்து, "சார், தகட்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் கையை அடியில் விட்டுத் தடவுங்கள்" என்றார். "ஏன் ஐயா, பெயர்தானே முதன்மை?" என்று கேட்டேன். "பெயர் இருப்பது விளிம்புச் சட்டத்தில். சட்டத்தை ஐம்பது வருடத்தில் இரண்டு முறையாவது மாற்றியிருப்பார்கள். ஒரு கம்பெனி செய்த மேசைக்கு இன்னொரு கம்பெனி விளிம்பு போட்டுத் தன் தகட்டை அடித்துவிட்டுப் போகும். தகடு சட்டத்தின் பெயரைச் சொல்லும், மேசையின் பெயரைச் சொல்லாது" என்றார். எத்தனையோ வரலாற்று நூல்களில் நான் காணாத பாடம் அது.

அன்று மாலை முழுவதும் அவர் காட்டிய அடையாளங்களை உங்களுக்கு வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

முதலாவது, அளவும் கால்களும். முழு அளவு ஆங்கில மேசை பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் உடையது. எட்டுக் கால்களில் நிற்பது. அமெரிக்க 'பூல்' மேசை பெரும்பாலும் ஒன்பதடி நீளமும் நாலரை அடி அகலமுமே கொண்டது. நான்கு அல்லது ஆறு கால்கள் அதற்குப் போதும். ஆட்டக்காரர் பலர் பணயத்தைப் பொதுவில் சேர்த்து வைத்து ஆடியதால் 'பூல்' என்ற பெயர் வந்தது. காலின் வடிவமும் காலத்தைச் சொல்லும். விக்டோரியா அரசியின் காலத்துக் கால்கள் பருத்து, கடைசலும் வரிவேலைப்பாடும் நிறைந்திருக்கும். இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது சதுரமான, ஆடம்பரமற்ற கால்களும் வரலாயின. ஆயினும் வாங்குவோர் விரும்பினால் பழைய வடிவத்தையும் செய்து கொடுத்தனர். ஆதலால் கால் ஒன்றை மட்டும் நம்பி முடிவு செய்தல் கூடாது.

இரண்டாவது, மரம். மகோகனி, ஓக் ஆகியவை பெரும்பாலும் கடல்கடந்து வந்த மேசையைக் காட்டும். தேக்கும் ஈட்டியும் இந்தியாவிலேயே செய்ததையோ, இந்திய வெப்பத்திற்கென்று செய்ததையோ குறிக்கக்கூடும். மேற்பரப்பைப் பார்த்தால் போதாது, மெருகு ஏமாற்றும். மெருகு படாத உட்புறத்தைப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, கல். பன்னிரண்டடி மேசைக்கு ஐந்து கற்கள். ஒன்பதடி மேசைக்குப் பெரும்பாலும் மூன்று. பழைய கற்கள் மெலிந்தவை. பிற்காலத்தில் இரண்டங்குலம் வரை கனத்தன. கற்கள் பொருந்தும் விளிம்பில், ஒன்றோடொன்று விலகாதிருக்க, சிறு துளைகளும் பித்தளை முளைகளும் இருக்கும். ஆங்கில மேசையில் விளிம்புச் சட்டத்தைக் கல்லின் பக்கவாட்டில் திருகாணியால் முடுக்குவார்கள். ஆகவே துளைகள் கல்லின் பக்கத்தில் இருக்கும். அமெரிக்க மேசையில் கீழிருந்து மேலாகக் கல்லை ஊடுருவி முடுக்குவார்கள். ஆகவே துளைகள் கல்லின் முகத்திலேயே தெரியும்.

நான்காவது, பையின் வாய். ஆங்கில மேசையில் பையை அடுத்த விளிம்பு உருண்டு வளைந்து செல்லும். அமெரிக்க மேசையில் கத்தியால் சீவியதுபோல் கோணமாக முடியும். தந்தப் பந்துகள் எஞ்சியிருந்தால் அவற்றையும் பார்க்கலாம். தந்தத்தில் வலை பின்னியதுபோல் மெல்லிய கோடுகள் ஓடும். நடுநரம்பு சென்ற இடத்தில், எதிரெதிரே, இரண்டு சிறு புள்ளிகள் தோன்றும். செயற்கைப் பந்தில் இவை இரா.

ஐந்தாவது, எண்கள். மேசையைப் பட்டறையில் ஒருமுறை பூட்டிப் பார்த்து, பிறகு பிரித்துப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றுவார்கள். இறங்கிய ஊரில் தவறின்றிப் பூட்டவேண்டுமே! அதற்காகக் காலிலும் சட்டத்திலும் கல்லிலும் உளியால் ரோமானிய எண்களை வெட்டுவார்கள். எல்லா உறுப்புகளிலும் ஒரே கையின் எண்கள் தொடர்ந்து வருமானால், அவை ஒரே மேசையில் பிறந்தவை. இடையில் எண் தவறினால், அந்த உறுப்பு பிற்சேர்க்கை.

இவை அனைத்தையும் பார்த்த பின்னரே தகட்டைப் படிக்கவேண்டும். தகட்டைப் படிப்பது கல்வெட்டைப் படிப்பது போன்றது. சோழர் கல்வெட்டில் மெய்க்கீர்த்தியைக் கொண்டு அரசன் யார் என்று தெளிகிறோம் அல்லவா? தகட்டிலும் மெய்க்கீர்த்தி உண்டு. அரச குடும்பத்திற்கு மேசை அளித்த நிறுவனங்கள் அப்பெருமையைப் பொறித்துக்கொண்டன. 'மாட்சிமை தங்கிய அரசியார்' என்றிருந்தால் விக்டோரியா ஆண்ட 1837 முதல் 1901 வரை, அல்லது எலிசபெத் ஆண்ட 1952க்குப் பின். 'அரசர்' என்றிருந்தால் 1901க்கும் 1952க்கும் இடைப்பட்ட காலத்தை முதலில் எண்ணிப் பார்க்கலாம். நிறுவனப் பெயரின் இறுதியில் 'லிமிடெட்' என்று காணப்பட்டால், பங்குதாரரின் பொறுப்பை வரையறுத்த ஆங்கிலச் சட்டம் வந்த 1855க்கு முற்பட்டதாக அது இருக்க முடியாது. கடையின் முகவரி இருந்தால், அந்நிறுவனம் எந்த ஆண்டுகளில் அந்தத் தெருவில் இருந்தது என்று தேடிக் காலத்தை மேலும் நெருங்கலாம்.

ஊருக்குத் திரும்பியதும் நேரே புங்கமரத்தடிக்குச் சென்றேன். பள்ளி விடுமுறை. முழங்காலிட்டு அந்தக் கற்களைத் தடவினேன். ஐந்து கற்கள், ஆகவே பன்னிரண்டடி மேசை. முனையில் பாதி நிலா வெட்டுள்ள கல் நடுக்கல். நடுப்பைகள் இரண்டும் அங்கே தொங்கின. மூலை வெட்டுள்ள இரண்டும் தலைக்கல்லும் கடைக்கல்லும். அந்தச் சிறுவனின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: கல்லைக் கடித்தது பந்து விழும் பை! துளைகள் கல்லின் பக்கவாட்டில் இருந்தன. ஆகவே ஆங்கில முறை. இரண்டங்குலக் கனம், ஆகவே சிலேட்டுக் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்ததன்று. ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும் உளியால் வெட்டிய ரோமானிய எண்கள், ஒன்று முதல் ஐந்து வரை, ஒரே கையால், தொடர்ச்சியாக இருந்தன. பத்தாண்டுகளுக்கும் மேலாக நான் நாள்தோறும் கடந்து சென்ற கற்களில் எழுத்து இருந்ததை அன்றுதான் கண்டேன்.

அக்கற்கள் வந்த வழியையும் எண்ணிப் பார்த்தேன். ஒரு கல்லின் நீள அகலக் கனங்களைப் பெருக்கிக் கணக்கிட்டால் ஏறத்தாழ 180 கிலோ வருகிறது. ஐந்தும் சேர்ந்தால் 900 கிலோ. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979இல்தான். திருநெல்வேலிக்கு 1876இலேயே ரயில் வந்துவிட்டது. அங்கிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவோ, திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கியோ, வண்டியிலோ லாரியிலோ அவை வந்திருக்கவேண்டும். எத்தனை தோள்கள் தூக்கின! ஒன்றேனும் உடையவில்லை. அத்தனை பேர் பேணிக் கொண்டுவந்ததை நான் ஒரே நாளில் பிரித்துப் போட்டேன்.

ஒன்று மட்டும் கற்கள் சொல்லவில்லை. செய்தவர் பெயர் என்ன? தர்ஸ்டனா, பரோஸ் அண்டு வாட்ஸா, காக்ஸ் அண்டு யீமனா? என் நினைவில் உள்ள 'லண்டன்' என்ற சொல் மூன்றுக்கும் பொருந்தும். மார்க்கர் கூறியபடி அந்தத் தகடு விளிம்புச் சட்டத்திற்கு மட்டுமே உரியதாகவும் இருந்திருக்கலாம். சட்டத்தின் அடிப்புறத்தில் எண்கள் இருந்தனவா என்று அன்று நான் பார்க்கவில்லை. அந்தச் சட்டங்கள் இழைப்புளியின் கீழ் சுருள்சுருளாகச் சீவப்பட்டுப் பெஞ்சுகளாகிவிட்டன. இந்தக் கேள்விக்கு இனி விடை இல்லை.

பிள்ளைகள் தரையிலிருந்து பெஞ்சுக்கு ஏறினார்களே, அது நன்மையல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நன்மைதான். மரத்தைப் பெஞ்சாக்கியதற்காக நான் இன்று வருந்தவில்லை, தேவை பெரிதாயிருந்தது. பிரிப்பதற்கு முன் ஒரு மணி நேரம் செலவிட்டிருக்கலாம். நாடாவால் அளந்து, எண்களைப் படியெடுத்து, தகட்டில் இருந்ததை ஒரு நோட்டில் எழுதியிருக்கலாம். ஒரு மணி நேரமும் ஒரு பென்சிலும் போதுமாயிருந்தன. அதைச் செய்யாததற்கே வருந்துகிறேன். பொருள் அழிவது இயற்கை. பதிவின்றி அழிவதே இழப்பு.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை நீங்கள் கவிஞராக அறிவீர்கள். அவர் கல்வெட்டுகளைத் தேடிப் படியெடுத்து ஆராய்ந்த அறிஞருமாவார். ஊர்க் கோயிலிலும் வயல்வெளியிலும் மக்கள் மிதித்து நடந்த கற்களில் அவர் எழுத்தைக் கண்டார். அவருக்கு முன்னும் அந்தக் கற்கள் அங்கேதான் இருந்தன. குனிந்து பார்க்கும் கண்கள் இல்லை.

இளைஞர்களே, உங்கள் ஊரிலும் பழைய பங்களாக்கள் இடிபடுகின்றன; வீட்டுக் காரை பெயர்க்கப்படுகிறது; பாட்டியின் பெட்டி பழைய சாமான் கடைக்குப் போகிறது. எல்லாவற்றையும் காப்பாற்ற நம்மால் இயலாது. ஆனால் எதையும் கேள்வி கேட்காமல் அனுப்பவேண்டியதில்லை. உன்னைச் செய்தவர் யார், எந்த மரம், எந்தக் கல், எந்த வழியாக வந்தாய், உன்னில் எது பழையது, எது பிற்சேர்க்கை என்று கேளுங்கள். கையை அடியில் விட்டுத் தடவிப் பாருங்கள். பெயர்ப்பலகையைக் கடைசியில் படியுங்கள். கண்டதை அன்றே எழுதி வையுங்கள்.

அந்த ஐந்து கற்கள் இன்றும் புங்கமரத்தடியில் இருக்கின்றன. ஓய்வு பெற்ற பின்னரும் ஆண்டுக்கொரு முறை புதிதாக வரும் ஆறாம் வகுப்பினரை அங்கே அழைத்துச் செல்கிறேன். விடையை நான் சொல்வதில்லை. ஆளுக்கொரு அளவுகோலும் தாளும் கொடுத்துவிட்டு, இந்தக் கல்லைக் கடித்தது யார் என்று கண்டுபிடியுங்கள் என்று சொல்லி ஒதுங்கி நிற்கிறேன். சென்ற ஆண்டு ஒரு சிறுமி, ஐந்து கற்களையும் தாளில் வரைந்து, வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்த்தாள். ஆறு பைகளும் தத்தம் இடத்தில் வந்து நின்றன. "சார், இது ஒரு மேசை!" என்று அவள் கூவினாள்.